மூலைக் கட்டிலின் சூடு

நாரி உளைவு. அதுதான் அன்று என்னை உறங்க விடவில்லை. பகல் முழுவதும் சுண்ணாம்புச் சாந்து சுமந்தவனுக்கு இரவில் நாரி, இடுப்பும் முதுகும் சேருகிற இடம், நெருப்பாய் எரியும். மல்லாந்து படுக்க ஏலாது. குப்புறப் படுத்தால் தோள்மூட்டு கழன்று போகிற மாதிரி இருக்கும். உள்ளங்கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதைக் கேட்ட பலர், "நீ கனவு கண்டிருப்பாய்" என்றார்கள். கனவு காண நித்திரை வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. "கள்ளு வெறி" என்றார்கள். அந்த இடத்தில் நேரத்துக்குத் தேத்தண்ணீரே கிடைக்கவில்லை. நம்பாதவர்களுக்கு என் இடது முன்னங்கையைக் காட்டுவேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

1967, ஆவணி மாதம். என் பெயர் ஏரம்பு. ஊர் தொண்டைமானாறு. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, கடல் வயிற்றைப் பிரட்டியதால் கட்டட வேலைக்குக் கையாளாகப் போனவன். என் மேசன் அடைக்கலநாதன். பாசையூர் ஆள், வேதக்காரன். என் வயதுதான். அவன் கரண்டி பிடித்தால் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

தென்மராட்சிப் பக்கம், பனங்காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் குருமடம் இருந்தது. கத்தோலிக்கச் சுவாமிமாராக வரப்போகிற பெடியன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்து தங்கிப் படிக்கிற இடம். ஒரு துறவற சபை அதை நடத்தியது. சபையின் பெயரை எழுதினால் இதை எவரும் அச்சடிக்கமாட்டார்கள். ஆகவே விடுகிறேன்.

விடுமுறைக்குப் பெடியன்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சுவாமிமாரும் இல்லை. ஒரு சமையல்காரன் மட்டும் இருந்தான். பொழுதுபட்டால் அவனும் சைக்கிளில் ஏறிவிடுவான். படுக்கை மண்டபத்தின் பழைய பூச்சைக் கொத்தி விழுத்திவிட்டு, புதிதாய்ப் பூசுவது எங்கள் வேலை. இரவில் அங்கேயே படுக்கலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக இரும்புக் கட்டில்கள். எல்லாவற்றிலும் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

வேலை தொடங்கிய அன்று பின்னேரம், கொத்திய பூச்சைக் கூடையில் அள்ளிக்கொண்டே கேட்டேன்.

"மச்சான், ஒரு மேசனும் வரமாட்டன் எண்ட வேலையை நீ ஏன் ஓடிவந்து பிடிச்சனீ? சுவர் பூசிக் குடுத்தால் மோட்சத்திலை இடம் தருவினமோ?"

அவன் சிரிக்கவில்லை. கரண்டியைத் தண்ணீரில் அலம்பினான்.

"என்ரை தம்பி இஞ்சைதான் செத்தவன்."

கூடையைக் கீழே வைத்தேன்.

தம்பியின் பெயர் சூசைநாயகம். பதின்மூன்று வயது. அண்ணனும் தம்பியும் இரண்டு பேருமே இந்தக் குருமடத்தில் இருந்தவர்கள். அடைக்கலநாதனை இரண்டு வருடத்தில், "உனக்குத் தேவ அழைத்தல் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பியை வைத்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு வான் வண்டியில் சவப்பெட்டி வந்தது. ஆணி அடித்து மூடிய பெட்டி. தொற்றுக் காய்ச்சல், திறக்கக்கூடாது என்று கூட வந்த சுவாமி சொன்னாராம். பெற்றவள் முகம் பார்க்கவில்லை. 1956இல் நடந்தது.

"எப்பிடிச் செத்தவன் எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

"காய்ச்சல் எண்டு சொன்னவைதானே."

"லூயிஸ் சுவாமி இருந்த இடத்திலை காய்ச்சல் எண்டால் நான் நம்பமாட்டன்."

லூயிஸ் சுவாமி பெடியன்களின் ஒழுங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். அடைக்கலநாதன் சட்டையைக் கொஞ்சம் தூக்கினான். இடுப்புக்கு மேலே இரண்டு பழைய தழும்புகள். வெள்ளையாய், கயிறு போல.

பொழுதுபட்டு லாம்பைக் கொளுத்தியபோதுதான் அதைக் கண்டேன். மண்டபத்தின் கடைசி மூலைக் கட்டிலில் மட்டும் மெத்தை விரித்திருந்தது. காலையில் அதுவும் சுருட்டித்தான் கிடந்தது. கொத்தும்போது அந்தக் கட்டிலை நானே தூக்கி நகர்த்தியவன்.

"சமையல்காரன் பின்னேரம் படுத்திட்டுப் போயிருப்பான்" என்றான் அடைக்கலநாதன்.

சுருட்டலாம் என்று கையை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

மெத்தை சுட்டது.

வெயில் படாத மூலை அது. காய்ச்சல்காரன் ஒருவன் அப்போதுதான் எழும்பிப் போனது போன்ற சூடு. அந்த இடத்தில் ஈரம் வேறு. அடைக்கலநாதனிடம் நான் சொல்லவில்லை. கொத்தின சூடும் வேர்வையும் கையில் இருக்கும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

அடுத்த நாள் மூலைச் சுவர் பூசி முடித்தோம். அதற்கு மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் பூச்சு சிதைந்திருந்தது. நீட்டு நீட்டாய்க் கோடுகள். ஒன்றுக்கு மேல் ஒன்று. கட்டிலுக்குச் சரியாக மேலே.

"எந்த நாய் பூந்தது?" என்றேன்.

"நாய் கட்டில் உயரத்திலையே பிறாண்டும்? கிட்ட வந்து பார்."

பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் நீளத்துக்கும் சின்னச் சின்னக் குத்துகள். முள் பதிந்த மாதிரி. கடற்கரையில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. திருக்கைவால். கடலில் பிடிக்கிற திருக்கையின் வாலை உலர்த்தி எடுத்தால் அது சாட்டை. ஒரு அடியில் தோலோடு சதையும் வரும். எங்கள் பக்கத்தில் கள்ளனைக்கூட அதனால் அடிக்க யோசிப்பார்கள்.

அடைக்கலநாதன் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்துத் தடவினான். பிறகு சாந்து குழைத்தான். மூடிப் பூசினான். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

அன்று இரவுதான் நாரி உளைவு உச்சத்துக்கு வந்தது. கட்டிலில் கிடக்க முடியாமல் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் அடைக்கலநாதன். அவனுக்கு அப்பால் மூலைக் கட்டில். லாம்பைக் குறைத்து வைத்திருந்தோம்.

மெயில் கோச்சி, தபால் ரயில், கொடிகாமம் தாண்டுகிற சத்தம் கேட்டது. விடிய நாலேமுக்கால். இன்னும் கொஞ்சத்தில் விடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கோச்சிச் சத்தம் தேய்ந்து போனது. அதற்குப் பிறகு ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

மண்டபத்தின் வாசலடியில். தோல் சப்பாத்துக் கால். அந்த வளவில் சப்பாத்துப் போடுகிறவர் எவரும் அன்று இல்லை.

முதல் கட்டிலடியில் அது நின்றது. இரும்புச் சட்டத்தில் மடக்கிய விரல் கணுவால் தட்டுகிற சத்தம். டங். பிறகு ஓர் ஆண் குரல். மெதுவாக, நிதானமாக.

"பெனெதிக்காமுஸ் தோமினோ."

கட்டிலில் இருந்தது சுருட்டிய மெத்தை மட்டும். அங்கிருந்து ஒரு சின்னப் பெடியனின் நித்திரைக் குரல் பதில் சொன்னது.

"தேயோ கிராசியாஸ்."

எனக்கு அந்தப் பாஷை தெரியாது. பிறகு அடைக்கலநாதன்தான் சொன்னான். லத்தீன். ஆண்டவரை வாழ்த்துவோம் என்று சொல்லிச் சுவாமி எழுப்புவார். இறைவனுக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டே பெடியன் எழும்பவேண்டும். உடனே எழும்பவேண்டும். அந்தக் குருமடத்தில் அந்தப் பழக்கத்தை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

அடுத்த கட்டில். டங்.

"பெனெதிக்காமுஸ் தோமினோ."

"தேயோ கிராசியாஸ்."

வேறு குரல். இன்னும் சின்னது.

அடுத்தது. அதற்கு அடுத்தது. காலியான கட்டில்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தன. சப்பாத்து என் பக்கம் வந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். லாம்பு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. கட்டில் தெரிந்தது. சாந்துக் கூடை தெரிந்தது. ஆள் இல்லை.

ஆனால் துணி ஒன்று என் புறங்கையில் உரசிக்கொண்டு போனது.

கஞ்சி போட்ட துணி.

அடைக்கலநாதனின் கட்டில். டங்.

"பெனெதிக்காமுஸ் தோமினோ."

அவன் நல்ல நித்திரை. கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"தேயோ கிராசியாஸ்."

சொல்லிக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கி முழங்காலில் நின்றான். கண் மூடியபடி. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, பெடியன் மாதிரிக் கைகட்டிக்கொண்டு...

சப்பாத்து அவனைத் தாண்டியது.

மூலைக் கட்டில்.

டங்.

"பெனெதிக்காமுஸ் தோமினோ."

பதில் இல்லை.

"பெனெதிக்காமுஸ் தோமினோ."

பதில் இல்லை. யாரோ முனகுகிற சத்தம் மட்டும். பல் கிடுகிடுக்கிற சத்தம்.

இருட்டில் கேட்கிற குரல் மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனிதக் குரல், பேய்க்கு மூன்று தரம் கூப்பிட ஏலாது. அப்படித்தான் எங்கள் ஊரில் சொல்வார்கள்.

அது மூன்றாம் தரமும் கூப்பிட்டது.

பிறகு...

விஸ்ஸ்ஸ்... சளீர்!

மெத்தை குழிந்தது. கண்ணால் கண்டேன். நடுவில் ஒரு நீளக் குழி.

விஸ்ஸ்ஸ்... சளீர்!

மெத்தைத் துணி கிழிந்தது. பஞ்சு பறந்தது. தவறிய அடி சுவரில் விழுந்தது. ஈரச் சாந்து தெறித்து என் முகத்தில் அடித்தது.

விஸ்ஸ்ஸ்... சளீர்! விஸ்ஸ்ஸ்... சளீர்!

கட்டில் நிலத்தில் இழுபட்டது. இரும்பு கிறீச்சிட்டது. அடி நிற்கவில்லை.

அப்போது ஒரு குரல்.

"அண்ணை..."

அடைக்கலநாதன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணை... ஏலாதண்ணை..."

அவன் எழும்பி ஓடியதை நான் காணவில்லை. கண்டது, அவன் அந்தக் கட்டிலின் மேல் குப்புற விழுந்து கிடந்ததைத்தான். இரண்டு கையாலும் ஒன்றுமில்லாத மெத்தையை மூடிக்கொண்டு.

சளீர்!

சட்டை பிளந்தது.

சளீர்!

முதுகு பிளந்தது. இரத்தம் சுவரில் தெறித்தது. வெள்ளைச் சாந்தில் சிவப்பு.

"அவனுக்குக் காய்ச்சல், சுவாமி! அடியாதேங்கோ! உடம்பு கொதிக்குது... அடியாதேங்கோ!"

நான் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. அவனுக்குக் கீழே மெத்தை நெருப்பாய்க் கொதித்தது.

அடுத்த அடி என் கையில் விழுந்தது.

எலும்பு தெரிந்தது.

நான் கத்தினேன். எங்கள் முருகனைக் கூப்பிட்டேனோ, அம்மாவைக் கூப்பிட்டேனோ தெரியாது.

நின்றது.

மூச்சு வாங்குகிற சத்தம். களைத்துப்போன ஆம்பிளையின் மூச்சு. எங்கள் தலைக்கு மேலே.

பிறகு சப்பாத்து திரும்பியது.

டக்... டக்... டக்...

வாசலடியில் ஓய்ந்தது.

விடிந்தபோது மெத்தை குளிர்ந்து கிடந்தது. சமையல்காரன் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வாடகைக் காரொன்றைப் பிடித்துப் பாசையூருக்குப் போனோம். அடைக்கலநாதனின் தாய் மரியநாயகி அம்மா மகனின் முதுகைப் பார்த்தார். கத்தவில்லை. உப்புத் தண்ணீர் வைத்துத் துணியால் ஒற்றினார். ஒற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் கேட்டார். கேட்டு முடிந்ததும் கை நின்றது.

"அந்த வாலைக் குடுத்தது உன்ரை அப்பர்தான்" என்றார்.

அடைக்கலநாதன் திரும்பிப் பார்த்தான்.

"ஓமடா. தம்பியைக் கொண்டுபோய் விட்ட அண்டைக்கு, தான் பிடிச்ச திருக்கையின்ரை வாலைப் பதமாக்கி லூயிஸ் சுவாமியின்ரை கையிலை குடுத்தவர். கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ சுவாமி எண்டு சொன்னவர். எல்லாத் தேப்பன்மாரும் பகிடிக்குச் சொல்லுற கதைதானே. எல்லாரும் சிரிச்சம். அந்தச் சுவாமியும் சிரிச்சவர்."

தகப்பன் அப்போது உயிரோடு இல்லை. ஒரு வாடைக்காற்றில் கடலில் போனவர். அது தெரியாமலே போனது நல்லதென்று நினைத்துக்கொண்டேன்.

மரியநாயகி அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். "எழும்பு. சபைத் தலைவரிட்டைப் போவம்."

பட்டணத்தில் சபையின் தலைமை மடம். தலைவர் மெலிந்த மனிதர். மரியாதையான பேச்சு. எங்களுக்குக் கதிரை போட்டார், கோப்பி தரச் சொன்னார். மரியநாயகி அம்மா உட்காரவில்லை. மகனின் சட்டையைத் தன் கையால் கழற்றி, முதுகை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

அவர் நெடுநேரம் பார்த்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியொரு முதுகைக் கண்ட எந்த மனிதனும், "ஆர் அடிச்சது?" என்றுதான் கேட்பான். அவர் கேட்ட கேள்வி வேறு.

"இந்த முதுகை வேறை ஆருக்குக் காட்டினனீங்கள்?"



"சுவாமி, என்ரை சூசை எப்பிடிச் செத்தவன்?" என்றார் மரியநாயகி அம்மா.

"காய்ச்சல் அம்மா. அப்பவே சொன்னனாங்கள்."

"காய்ச்சல் வந்தது எனக்கும் இப்ப தெரியும். எழும்ப ஏலாமல் கிடந்த பிள்ளையைத் திருக்கைவாலாலை எழுப்பினது ஆர்? பெட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னது ஆர்?"

"நீங்கள் அவனை ஆண்டவருக்குக் குடுத்தனீங்கள். குடுத்த பிள்ளைக்குக் கணக்குக் கேக்கலாமோ அம்மா?"

"நான் குடுத்தது ஆண்டவருக்கு. கை நீட்டி வாங்கினது நீங்கள். உங்களிட்டைத்தான் கேப்பன்."

சபைத் தலைவர் கழுத்தில் தொங்கிய சிலுவையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்து கேட்டேன்.

"லூயிஸ் சுவாமி எப்ப செத்தவர்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"ஆர் சொன்னது செத்ததெண்டு? சுகமாய் இருக்கிறார். இந்தியாவிலை எங்கடை குருமடம் ஒண்டுக்கு அதிபராய் அனுப்பியிருக்கிறம்."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பேய் என்றால் செத்தவன் வரவேண்டும். அந்த ஆள் உயிரோடு, வேறொரு மண்டபத்தில், வேறு பெடியன்களை அதே விடியற்காலையில் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியென்றால் எங்களை அடித்தது எது? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மரியநாயகி அம்மா வாசலில் நின்று திரும்பினார். "அங்கையும் பெடியள் இருக்கிறாங்கள் சுவாமி. அந்த ஆளை எடுங்கோ. என்ரை பிள்ளைக்கு நீங்கள் பதில் சொல்லாட்டிலும் பரவாயில்லை. அந்த ஆளை அங்கையிருந்து எடுங்கோ."

"பார்ப்பம்" என்றார்.

பொலிசுக்கும் போனோம். பேய் அடித்ததை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள்.

ஒன்றரை வருடம் போனது. அடைக்கலநாதனின் முதுகு ஆறித் தழும்பாகிவிட்டது. 1969 மாசியில் சுன்னாகத்தில் ஒரு கடைக்குச் சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். விடிய வேலைக்கு வந்தவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மச்சான், முதுகு சுடுது."

சட்டையைத் தூக்கினேன். தழும்பு எல்லாம் வெடித்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாய் அடித்தது போல. என் முன்னங்கையும் அந்த நேரம் கொதித்தது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டேன்.

"கோச்சி போன கையோடை."

அன்று சாம்பல் புதன். அவன் நெற்றியில் சாம்பல் பூசாமல் வேலைக்கு வந்திருந்தான். அதனால்தான் நாள் மறக்கவில்லை.

சித்திரையில் வல்வெட்டித்துறைத் தோணிக்காரர் ஒருவர், தியாகராசா, எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கரைக்கு, இந்தியாப் பக்கம், போய்வருகிறவர். கதையோடு கதையாகச் சொன்னார். அந்தப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் அவர் நின்றபோது, குருமடத்திலிருந்து ஒரு பெடியனின் பெட்டி வந்ததாம். ஆணி அடித்த பெட்டி. தொற்றுக் காய்ச்சல், திறக்கக்கூடாது என்றார்களாம். தாய் பெட்டியின் மேல் விழுந்து நகத்தால் பிறாண்டினாளாம்.

"அண்ணை, எந்த நாள்?" என்று கேட்டேன்.

"வேதக்காரர் நெத்தியிலை சாம்பல் பூசிற நாளுக்கு அடுத்த நாள். முதல் நாள் விடியவாம் பெடியன் செத்தது."

பெடியன் படித்தது லூயிஸ் சுவாமி அதிபராக இருந்த குருமடத்தில் என்று பிறகு விசாரித்து அறிந்தோம். அதற்குப் பிறகு லூயிஸ் சுவாமியை அங்கிருந்தும் மாற்றினார்கள். எங்கே என்று சபை சொல்லவில்லை.

இதை எழுதுகிற 1981இல் மரியநாயகி அம்மா இல்லை. அடைக்கலநாதன் இப்போதும் குப்புறத்தான் படுக்கிறான். சபைத் தலைவர் ஓய்வெடுத்துக்கொண்டு பட்டணத்தில் சுகமாக இருக்கிறார். சூசைநாயகம் செத்தது தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் சொன்னால், ஒரு பேச்சுக்கு அதையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பெடியன் செத்தது, முதுகைக் கண்ணுக்கு முன்னால் காட்டி, அந்த ஆளை எடுங்கோ என்று ஒரு தாய் கேட்டுவிட்டுப் போன பிறகு.

அக்கரையில் இருக்கிற அந்தத் தாயின் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்குச் சபைத் தலைவர் ஒரு பிள்ளை கடன்பட்டிருக்கிறார்.